மோதி பாகிலிருந்து ரோமாபுரிக்கு

எண்பதுகளில் டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று, ரோமானியர் விட்டுப்போன தடயத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில்தான் ஏற வேண்டும். இன்று அதே மோதி பாகிலிருந்து குடும்பம் குடும்பமாக விமானம் ஏறி ரோம் நகரத்துக்கே போய்விட்டு வருகிறார்கள். என் அண்ணன் மகள் வீட்டில் சென்ற கோடையில் போய் வந்தார்கள். அவளுடைய மகள் ஆறாம் வகுப்பு. புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டை நான் பார்த்ததும் ஆறாம் வகுப்பில்தான். இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் ஊர் மாறியது, ரயில் மாறியது, கைக்காசு மாறியது. அதையெல்லாம்விடப் பெரிய மாற்றம், ரோமானியரைப் பற்றி ஒரு தமிழ்க் குழந்தைக்கு நாம் சொல்லும் கதையில் வந்திருக்கிறது. நான் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். ஆனால் ஊரையும் ரயிலையும் சொல்லாமல் அங்கே போய்ச் சேர முடியாது.

அன்றைய மோதி பாக் குமாஸ்தாக்களின் ஊர். யு.டி.சி., அசிஸ்டெண்ட், செக்‌ஷன் ஆபீசர் என்று மத்திய அரசின் ஏணிப்படிகளில் நடுவில் நின்றவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள். முன்னால் கொஞ்சம் புல்தரை, பின்னால் சந்து, கோடை இரவில் வெளியே இழுத்துப் போட்ட கயிற்றுக் கட்டில்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகள் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் மோதி பாக் பள்ளிக்கு நடந்தே போவோம். ஆடிக் கிருத்திகைக்கு ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர். இந்தப் பக்கம் குரு கோவிந்த் சிங் 1707-இல் தங்கிய குருத்வாரா, அந்தப் பக்கம் சாணக்கியபுரியின் தூதரகங்கள். இத்தாலியத் தூதரகமும் அங்கேதான் இருக்கிறது. அதன் மதிலை ஒட்டிப் பேருந்தில் போயிருக்கிறோம். அந்த மதிலுக்கு உள்ளே போய்வருகிறவர்கள் வேறு உலகத்து மனிதர்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பிறகு மோதி பாகின் ஒரு பெரிய பகுதி இடிக்கப்பட்டு, உயர் அதிகாரிகளுக்கான நியூ மோதி பாக் எழுந்தது. 2018-இல் மெட்ரோ வந்தது. பிங்க் லைனில் இறங்கும் நிலையத்துக்கு சர் விஸ்வேஸ்வரய்யாவின் பெயர். என் அண்ணன் மகள் அரசுப் பணியில் இருக்கிறாள். குவார்ட்டர்ஸ் அங்கேயே கிடைத்தது. அவளுடைய தாத்தா கயிற்றுக் கட்டில் போட்ட இடம் இன்று எந்தப் பூங்காவுக்கு அடியில் இருக்கிறது என்று எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கூடவே வளர்ந்த வேப்ப மரங்கள் சில மட்டும் திசை காட்டுகின்றன.

அரசு ஊழியர் வீட்டில் பயணம் என்றால் எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகைதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர். ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கி, கணினி முன்பதிவு வராத அந்தக் காலத்தில் விடியற்காலையே போய் வரிசையில் நின்று, அட்டை டிக்கெட்டோடு அப்பா வீடு திரும்பும்போது எங்களுக்கு லீவு அன்றே தொடங்கிவிடும். ஹோல்டால், கூஜா, முதல் நாளைக்குப் புளியோதரை, மறுநாளைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. இட்டார்சி, நாக்பூர் ஆரஞ்சு, பல்லார்ஷா, விஜயவாடா. முப்பது மணி நேரத்துக்கும் மேலே ஓடும் வண்டி. அப்பாவுக்குச் சொந்த ஊர் கடலூர்ப் பக்கம். அங்கிருந்து புதுச்சேரிக்குப் போகும் பேருந்து அரியாங்குப்பம் வழியாகத்தான் போகும். ஒரு நாள் அப்பா எங்களை அங்கே இறக்கிவிட்டார்.

"எங்கேப்பா போறோம்?"

"ரோம்காரன் வியாபாரம் பண்ண எடத்துக்கு."

அம்மா வெயிலைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் குடையை விரித்தாள்.

காக்காயந்தோப்பைத் தாண்டி, அரியாங்குப்பம் ஆறு கடலுக்குப் போகுமுன் வளைகிற இடத்தில் அந்த மேடு. தென்னை, மா, பனை. நடுவில் பாழடைந்த செங்கல் தூண்கள் இரண்டு. வருகிறவர்கள் பலரும் அதைத்தான் ரோமானியக் கட்டடம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய மிஷன் வீட்டின் மிச்சம். அப்பா அதை முதலிலேயே சொல்லிவிட்டு எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் அரித்த கரையின் வெட்டில் அடுக்கடுக்காக ஓடுகள் துருத்திக்கொண்டிருந்தன. சிவப்பு, கறுப்பு, சாம்பல். அவ்வளவுதான் காட்சி. தூண் வரிசை இல்லை, சிலை இல்லை, படிக்கட்டு இல்லை.

உள்ளூர்ப் பையன்கள் இருவர் ஓடி வந்தார்கள். ஒருவன் உள்ளங்கையை விரித்தான். கடுகளவுக் கண்ணாடி மணிகள், நீலமும் சிவப்பும். நடுவில் ஊசி நுழையும் துளை. தம்பி கையை நீட்டினான். அப்பா மணியை வாங்கி வெயிலில் உயர்த்திக் காட்டி, எங்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு, "இது இந்த எடத்துக்குச் சொந்தம்டா" என்று பையனிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த மணி எப்படிச் செய்தது என்று எனக்குத் தெரிய வந்தது வெகுகாலம் கழித்து. உருகிய கண்ணாடியைத் துளையுள்ள நீளமான குழலாக இழுத்து, ஆறியதும் பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனை மழுக்குவார்கள். ஆந்திரத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தக் கைத்தொழில் நம் காலம்வரை தொடர்ந்திருக்கிறது. தென்கிழக்கு ஆசியா முழுவதும் இந்த வகை மணிகள் கிடைக்கின்றன. அவற்றைச் செய்த மிகப் பழைய இடங்களில் ஒன்று, நாங்கள் செருப்புக் காலோடு நின்றிருந்த அந்த மேடு.

அரிக்கமேட்டை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தவர்களும் இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1760-களின் இறுதியில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, வீராம்பட்டினத்துப் பக்கம் பழைய இடிபாடுகள் இருப்பதை எழுதி வைத்துப் போனார். அதற்குப் பிறகு வெகுகாலம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1937-இல் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ஜூவோ துப்ராய், இந்த ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் வாங்கிப் பார்த்தார். ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கியிருந்தது. நாணயங்களைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று சொன்னார். மழை ஓய்ந்ததும் மேட்டில் மணி பொறுக்கும் விளையாட்டு இல்லாமலிருந்தால் அந்தக் கல் இன்னும் எத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்திருக்குமோ.

பிறகு வந்தவர் மார்ட்டிமர் வீலர். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற சூட்டில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனவர், அங்கே ஒரு அலமாரியில் கிடந்த உடைந்த ஜாடித் துண்டைப் பார்த்து நின்றுவிட்டார். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயினும் எண்ணெயும் ஊற்றி அனுப்பும் ஆம்போரா ஜாடி அது. கூம்பு அடி, இரண்டு பக்கமும் நீண்ட கைப்பிடி. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் அரிக்கமேடு. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அவர்கள் ஒத்துழைப்போடு 1945-இல் தோண்டினார். இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்துச் செம்மண் தட்டுகளின் துண்டுகள் கிடைத்தன. அந்தத் தட்டுகளின் அடியில் குயவர் பட்டறைகள் தங்கள் பெயரை முத்திரையாகக் குத்துவது வழக்கம். விபி, கமுரி, இட்டா என்று அரிக்கமேட்டுத் துண்டுகளில் பெயர்கள் இருந்தன. அவை எந்தக் காலத்தில் சூளையில் வெந்தவை என்பது இத்தாலியில் ஏற்கெனவே தெரியும். அந்தத் தட்டு கிடந்த மண்ணடுக்கில் கூடவே கிடந்த நம் ஊர்ச் சட்டிக்கும் அதே காலம். அதுவரை காலம் சொல்ல வழியில்லாமல் கிடந்த தென்னிந்தியப் பானை ஓடுகளுக்கு ஒரு இத்தாலியக் குயவனின் முத்திரை தேதி எழுதிக் கொடுத்தது. தொல்லியலில் எனக்கு இதைவிடப் பிடித்த கதை கிடையாது.

அப்பா சொன்ன கதை வீலரின் கதை. வீலர் தன் அறிக்கையில் அரிக்கமேட்டை இந்திய-ரோமானிய வணிகத் தளம் என்றார். 150 அடிக்கு மேல் நீண்ட ஒரு செங்கல் கட்டடத்தைக் கிடங்கு என்றும், சில தொட்டிகளைத் துணிக்குச் சாயம் போட்டவை என்றும் கருதினார். கிரேக்க மாலுமிக் குறிப்பான பெரிப்ளூஸில் வரும் பொதுகே இதுவே என்றார். ரோமானியர் வந்தார்கள், ஒரு மீனவக் குப்பம் துறைமுகம் ஆயிற்று. அவர்கள் போனார்கள், ஊர் படுத்தது. எங்கள் தலைமுறைக்கு வந்து சேர்ந்த சித்திரம் இதுதான். ஆற்றங்கரையில் அப்பா ஒரு ஓட்டைத் தொட்டுக் காட்டி, "கப்பல் ஏறி நம்மளைத் தேடி வந்தான்டா" என்றபோது அவர் குரலில் இருந்த பெருமை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பெருமை சரிதான். ஆனால் அந்தக் கதையில் நாம் கரையில் நின்று காத்திருந்தவர்கள்.

அதற்குச் சில ஆண்டுகளிலேயே கதை திரும்பியது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற தொல்லியல் அறிஞரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. ராமனும் மேட்டை மறுபடி தோண்டினார்கள். ரோமானியக் கப்பல் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, கைத்தொழில் இருந்தது. அவர்கள் வரத்து குறைந்த பிறகும் ஊர் சாகவில்லை. சோழர் காலம் வரைக்கும் அங்கே மனிதர்கள் புழங்கிய தடயம் உண்டு. உட்புறம் சக்கரக் கோடுகள் ஓடும் ரௌலட்டட் தட்டுகளை ஒரு காலத்தில் மத்தியதரைக் கடல் சரக்கு என்று நினைத்தார்கள்; அது இந்திய மண், இந்தியக் கை என்று தெளிவாயிற்று.

கடலுக்கு அப்பால் இருந்தும் செய்தி வந்தது. எகிப்தின் செங்கடல் கரையில் குசெய்ர் அல்-காதிமில் தமிழ் பிராமியில் கணன், சாதன் என்று பெயர் கீறிய ஓடுகள் கிடைத்தன. பெரனிகேயில் ஒரு கோயில் தரையில் புதைத்திருந்த இந்திய ஜாடிக்குள் 7.5 கிலோ மிளகு. வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ஏடு 1985-இல் பதிப்பிக்கப்பட்டது. சேரநாட்டு முசிறியிலிருந்து ஹெர்மபோலோன் என்ற கப்பலில் ஏற்றிய சரக்கின் கணக்கு அதில் இருக்கிறது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்லிவிட்டது என்று தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்வார்கள். அந்த மிளகுச் சரக்கின் மறுகரைப் பற்றுவரவு இப்போது கையில் இருக்கிறது. போதாதற்குக் கணனும் சாதனும் இங்கிருந்து அங்கே போயிருக்கிறார்கள். அப்பாவின் கதையில் இல்லாத இரண்டு பேர்.

டெல்லிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. 2006-இல் வெளியான என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் அரிக்கமேட்டுக்கென்றே தனிப் பகுதி இருந்தது. கிடங்கு, ஆம்போரா, விளக்கு, மணி எல்லாம் அதில் வரும். மோதி பாக் பஞ்சாபிப் பையனும் பிகாரிப் பெண்ணும் பரீட்சைக்கு அரிக்கமேட்டைப் படித்தார்கள். எங்கள் காலத்தில் அந்தப் பெயரை வகுப்பில் சொன்னால், எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று கேட்டிருப்பார்கள்.

சென்ற கோடைப் பயணத்துக்கு வருகிறேன். எல்.டி.சி.யில் வெளிநாடு கிடையாது. சேமிப்பும் மாதத் தவணையும் சேர்ந்து கூட்டிப் போன பயணம். விசா, டெல்லியிலிருந்து நேராக ரோம், எட்டொன்பது மணி நேரம். கொலோசியத்துக்கு நாள், நேரம் எல்லாம் குறித்து மொபைலிலேயே டிக்கெட். 18 வயதுக்குக் கீழே இலவசம். கி.பி. 80-இல் திறந்த அரங்கம் இன்னும் நான்கு அடுக்கு உயரத்துக்கு நிற்கிறது. குழந்தைக்கு அது எத்தனை பெரிய வாய்ப்பு! ஓட்டுத் துண்டை வைத்துக்கொண்டு கற்பனை செய்யும் சிரமம் அவளுக்கு இல்லை. தொட்டுப் பார்க்கத் தூண் இருக்கிறது, ஏறப் படி இருக்கிறது, தாகத்துக்குத் தெருவுக்குத் தெரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எங்கள் அப்பாவுக்கு வாய்த்திருந்தால் அவர் அந்தப் படியில் உட்கார்ந்து அழுதிருப்பார்.

ஆனால் கிளம்புவதற்கு முன் அண்ணன் மகளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். "ஃபோரத்துல மாக்ஸென்டியஸ் மண்டபம்னு ஒண்ணு இருக்கும். கொழந்தைய அங்க ஒரு அஞ்சு நிமிஷம் நிறுத்தி வை." "ஏன் சித்தப்பா?" என்றாள். அந்த மண்டபம் எழும்பிய இடத்தில் அதற்கு முன்னால் இருந்தது பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு. நகரத்தின் நடு நெஞ்சில், கோயில்களுக்கும் மன்றங்களுக்கும் பக்கத்தில், மலையாளக் கரையிலிருந்து போன மிளகுக்கு ஒரு அரசாங்க குடோன். இந்தியச் சரக்குக்காக ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் வெளியே போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பி எழுதிய காலத்தை ஒட்டியது. குழந்தை அங்கே நின்று எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள்: "சின்னத் தாத்தா, நம்ம மிளகு குடோன் மேலதான் நிக்கறேன். இங்க பயங்கர வெயில்."

அவர்கள் பார்க்க முடியாமல் போனவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, ரோமிலேயே இருக்கும் மோன்டே டெஸ்டாச்சோ. 35 மீட்டர் உயரக் குன்று. முழுக்க முழுக்க உடைத்துப் போட்ட ஆம்போரா ஓடுகளால் ஆனது. அதன் மேல் புல் முளைத்திருக்கிறது. அரிக்கமேட்டைப் பார்த்தவனுக்கு அந்த மேடு அந்நியமாக இருக்காது. இரண்டாவது, நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள தந்தச் சிற்பம். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரில் 1938-இல் கிடைத்த இந்தியப் பெண் உருவம். லட்சுமி என்று பெயர் வைத்தார்கள். யட்சி என்பதே பொருத்தம் என்று சொல்கிறவர்கள் உண்டு. துப்ராய் அகஸ்டஸ் முகத்தைக் கண்டது 1937. அடுத்த வருஷமே அங்கே நம் பெண் மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கிறாள். இந்த இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாடப் புத்தகம் படம் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

டிசம்பரில் குடும்பத்தோடு கடலூர் வந்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். வழியில் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையில் கார்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் எங்களைத் தவிர இரண்டு கல்லூரி மாணவர்கள். தொல்லியல் துறையின் நீலப் பலகை, பாதுகாக்கப்பட்ட இடம் என்ற எச்சரிக்கை. வீலர் குழிகளும் பெக்லி குழிகளும் எப்போதோ மூடியாயிற்று. அதே தென்னை, அதே மா, அதே இரண்டு தூண்கள். கையை விரித்துக் காட்டப் பையன்கள் யாரும் ஓடி வரவில்லை.

குழந்தை ஏமாந்துவிடுவாளோ என்று அவள் அம்மாவுக்குக் கவலை. கொலோசியத்தைப் பார்த்த கண்ணுக்கு இது என்ன காட்சி? முன்யோசனையாக நான் காலையிலேயே அவளைப் பாரதி பூங்கா அருகிலுள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அரிக்கமேட்டுப் பொருள்கள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஆம்போராக் கழுத்தின் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். ஒயின் கசியாமலிருக்க அந்த ஜாடிகளின் உள்பக்கம் பிசின் பூசுவார்கள் என்று சொன்னேன். கூம்பு அடியை வைத்து அது தரையில் எப்படி நிற்கும் என்று கேட்டாள். மணலில் செருகி வைக்கலாம், கப்பல் அடியில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்கலாம் என்றேன். இந்த வரிசை முக்கியம். பெட்டிக்குள் இருப்பதை முதலில் பார்த்துவிட்டு மேட்டுக்குப் போனால் அங்கே காலடியில் கிடக்கும் ஒவ்வொரு சில்லும் பேசும். நேராக மேட்டுக்குப் போகிறவர்கள் ஒரு மாந்தோப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஆற்றங்கரையில் அவள் குனிந்து குனிந்து நடந்தாள். எதையும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன், எடுக்கவில்லை. மொபைலில் படம் எடுத்தாள், பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து. இது யாரும் சொல்லித்தராமல் அவளாகச் செய்தது. பிறகு என் தலைமுறைப் பிள்ளை எவனும் கேட்டிருக்க முடியாத கேள்வி ஒன்றைக் கேட்டாள்: "இங்கேர்ந்து போனவங்க அங்க எங்க தங்கினாங்க, சின்னத் தாத்தா?" கணனையும் சாதனையும் பற்றி அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். எகிப்துக் கரையில் அவர்கள் பானையில் பெயர் கீறி வைத்ததை மறுபடி விளக்கினேன். அடுத்தவன் பானையோடு கலந்துவிடக் கூடாதல்லவா என்றாள். ஹாஸ்டலில் தன் அக்கா டப்பாவில் பெயர் எழுதி வைப்பதைச் சொன்னாள்.

அண்ணன் மகளுக்கு நான்காண்டு பிளாக்கில் அகில இந்திய எல்.டி.சி. ஒன்று மிச்சமிருக்கிறது. அதை மிளகு வந்த வழியாகவே போய்த் தீர்ப்பது என்று கடலூர் திரும்பும் காரிலேயே முடிவாயிற்று. கொச்சியில் இறங்கி, முசிறி என்று கருதப்படும் பட்டணம் என்ற ஊர். 2007 முதல் தோண்டப்படும் இடம், அங்கும் ஆம்போராத் துண்டுகள் வந்திருக்கின்றன. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயில், நொய்யல் கரையில் மணி பட்டை தீட்டிய கொடுமணல், அப்புறம் அமராவதி மணலில் ரோமானியக் காசு கிடைக்கும் கரூர். தசரா விடுமுறைத் தேதியைப் பள்ளியில் சொன்னதும் டிக்கெட் எடுக்க வேண்டும். நாணயம் வைத்துப் படம் எடுத்தது போதாது, ஒரு சின்ன அளவுகோல் வேண்டும் என்று குழந்தை கேட்டிருக்கிறாள்.